நாற்பது விநாடி ரோம்

வரலாறு நடத்திப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: நாம் யாரைப் பற்றி என்ன பேசினாலும் அவர் செத்து ஆயிரம் வருஷமாவது ஆகியிருக்கும், ஆள் அனுப்பமாட்டார். பதினோரு வருஷமாக நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மதகடிப்பட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. அரசு எழுத்தர் தேர்வு, ஆசிரியர் தேர்வு இரண்டுக்கும் சேர்த்து நாற்பது பேர். சனி, ஞாயிறு காலை உலக வரலாறு என் பொறுப்பு. ரோமிலிருந்து இரண்டு கேள்வி வந்தால் அதிகம். ஆனால் எனக்குப் பிடிக்கும் என்பதால் இரண்டு வாரம் நடத்துவேன். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் உங்களுக்கும் அப்படி ஒரு பாடம் இருக்கும். அதை நடத்தும்போது குரல் கொஞ்சம் ஏறும். அந்த ஏறின குரல்தான் என்னை மாட்டிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சுண்ணாம்பு பூசிய வெள்ளை

ரோமில் தேர்தலில் நிற்கிறவன் தன் மேலாடையில் சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்து, கண் கூசுகிற வெள்ளையாக்கிக்கொண்டு கடைத்தெருவில் இறங்குவான். 'கேண்டிடேட்' என்கிற சொல்லே அந்த வெள்ளையிலிருந்து வந்ததுதான். பக்கத்திலேயே ஒரு அடிமை நடப்பான். எதிரே வருகிறவன் பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை என்று முதலாளி காதில் ஓதுவது அவன் வேலை. முதலாளி உடனே கையைப் பிடித்து, பெயர் சொல்லி, பத்து வருஷப் பழக்கம்போல விசாரிப்பான்.

இதைச் சொல்லிக்கொண்டே கையை வீசியபோது என் சாக்பீஸ் சன்னல் பக்கம் நீண்டுவிட்டது. எதிர்ச் சாரியில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூப்பிய கை. எங்கள் பக்கத்து அரசியல் புள்ளி. பதவியில் இருந்தவர், வருகிற தேர்தலில் மறுபடி நிற்கப்போகிறவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பிடிக்காதவர்கள்கூட 'அண்ணன்' என்றுதான் சொல்வார்கள். நாற்பது தலையும் ஒன்றாகத் திரும்பின. ஒரு சிரிப்பு கிளம்பி, யாரோ கையால் வாயைப் பொத்தினதுபோல் நின்றது.

முன் வரிசையில் தேவகி உட்காருவாள். திருக்கனூர் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம், வயது இருபத்தொன்பது, மூன்றாவது முறையாக எழுத்தர் தேர்வு எழுதப்போகிறவள். அந்தச் சன்னல் மேற்கே பார்த்தது, காலையில் அதன் வழியே வெயில் வர வழியே இல்லை. இருந்தும் அவள் எழுந்து நின்று சொன்னாள்: "வெயில் வருது மேடம். சன்னல சாத்திட்டு நடத்துங்க."

திருப்பிக் கேட்கும் நீதிமன்றம்

மறுநாள் சிசிலித் தீவு. ரோமிலிருந்து அங்கே ஆள வந்த மாகாணத் தலைவன் ஒருவன் மூன்று வருஷத்தில் தீவையே உறிஞ்சிவிட்டான். முதல் வருஷத்துக் கொள்ளை தனக்கு, இரண்டாம் வருஷத்தது வக்கீல்களுக்கு, மூன்றாம் வருஷத்தது நீதிபதிகளுக்கு என்று கணக்கு வைத்திருந்தானாம். ஊர்ச்சபைப் பதவிகளைக்கூட விலைக்கு விற்றான். இப்படிப் பிடுங்கின பணத்தைத் திருப்பிக் கேட்க ரோமில் தனியாக ஒரு நீதிமன்றமே இருந்தது. விசாரிக்கிறவர்கள் முக்கால்வாசி நேரம் திருடனுடைய ஜாதி சனம்தான். ஆனாலும் இருந்தது. இந்த இடத்தில் என் குரல் ஏறியது. தனித்தனியாகப் போய்க் கேட்டபோது ஒன்றும் நடக்கவில்லை, ஊர் ஊராகச் சேர்ந்து கடல் தாண்டிப் போய்ச் சாட்சி சொன்னார்கள், தீர்ப்பு வருமுன்னே அவன் ஊரைவிட்டு ஓடினான் என்று சொன்னேன்.

தேவகி கையைத் தூக்கினாள். "குடுத்தவங்ககிட்ட ரசீது இருந்துச்சா மேடம்?" என்றாள். "ரசீது ஏது? வாயால சொன்ன சாட்சிதான் முக்கியம்" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்படி ஒரு கேள்வி எந்தத் தேர்விலும் வராது என்று அவளுக்கும் தெரியும்.

வகுப்பு முடிந்து மாடிப்படியில் என்னோடு கூடவே இறங்கினாள். பேக்கரி வாசலில் ஆள் இருந்ததால் நடுப்படியிலேயே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவள் அப்பா ஒரு காணி நிலத்தை அடமானம் வைத்து, எழுத்தர் வேலைக்கென்று அண்ணனுடைய ஆளிடம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலையும் இல்லை, பணமும் இல்லை. போய்க் கேட்டால் தேர்தல் முடியட்டும் என்கிறார்கள். அப்பா இப்போது அந்தத் தெரு வழியாகவே போவதில்லை, கேட்கப் போனவர் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயம். "ரசீது கேட்டா சிரிக்கிறாங்க மேடம். உண்டியல்ல போட்டா சாமிகிட்ட ரசீதா கேப்பன்னு சொல்றாங்க."

நாற்பது விநாடி

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மைய உரிமையாளர் ஞானசேகர் சாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. போட்டேன். என் குரல். "மூணு வருஷம். மொத வருஷம் அடிச்சது தனக்கு, ரெண்டாவது வருஷம் வக்கீலுக்கு, மூணாவது வருஷம் ஜட்ஜுக்கு. பதவிய விலைக்கு வித்தான். காசு குடுத்தவன்லாம் தனித்தனியா போய் கேட்டான், ஒண்ணும் நடக்கல. ஊர் ஊரா சேந்து போய் கேட்டாங்க. ஓடிப்போனான்." நாற்பது விநாடி. ரோம் என்ற சொல் இல்லை. சிசிலி இல்லை. எவனோ வெட்டி எடுத்துவிட்டான். கேட்கிறவனுக்கு ஏதோ ஒரு பொதுக்கூட்டத்தில் ஒரு பொம்பளை அண்ணனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். மேலே அம்புக்குறிகள் இருந்தன. பல கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு முதலில் உள்ளங்கால் சில்லிட்டது. பயம் அங்கிருந்துதான் ஏறும் என்று அதற்கு முன் தெரியாது. எங்கள் தொகுதிகள் எவ்வளவு சின்னவை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஒரு ஓரத்தில் இருமினால் அடுத்த ஓரத்தில், யார் இருமினது, எந்த வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவார்கள். சாருக்குப் போன் போட்டேன். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், யாரையும் கடிந்து பேசாதவர். மையம் இருக்கிற வாடகைக் கட்டடம் அண்ணனின் மைத்துனர் பெயரில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். நான் அது சிசிலி, அது ரோம் என்று என்னென்னவோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இனிமே ரோம் வேணாம் மேடம். சிந்து சமவெளி நடத்துங்க. அங்க யாரு ஆண்டாங்கன்னே இன்னும் கண்டுபிடிக்கல."

பெயர் தெரிந்தவர்

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் ஒரு பைக் நின்றது. நாங்கள் இருப்பது அரியூர் தாண்டி. தெருவில் பைக் நிற்பது அதிசயம் இல்லை, ஆனால் வந்தவன் ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவருகே காத்திருந்தான். அண்ணனிடம் எல்லா வேலையும் பார்க்கிற பாபு. முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் சந்தனம், கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். பொண்ணு கீர்த்தனா ஒன்பதாவது தானே என்றான். ஸ்கூல் பஸ் எட்டு பத்துக்கு மெயின் ரோட்டில் வருகிறது, பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி நிற்கிறார்கள், லாரிகள் வேகமாக வருகிற இடம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். வீட்டுக்காரர் தெருவிளக்கு கான்ட்ராக்ட் வேலை முடித்து மூன்று மாதம் ஆயிற்றே, பில் இன்னும் வரவில்லையாமே என்று வருத்தப்பட்டான். என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதுகூடத் தெரிந்திருந்தது. ஒரு சொல் கடுமையாக இல்லை. நான் வகுப்பில் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அந்தக் காதில் ஓதுகிற ஆள் என் சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

எழுந்து போகும்போது ஸ்வீட் பாக்ஸை டிவி மேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "பயப்படாதீங்கக்கா. அண்ணன் உங்க பேரு இன்னான்னு கேட்டாரு, அவ்ளோதான்."

ஃபைல்

என் வீட்டுக்காரர் முருகவேல் எலக்ட்ரிகல் வேலை எடுத்துச் செய்கிறவர். வாய் அதிகம் பேசாதவர். விஷயத்தைச் சொன்னபோது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைலேர்ந்து கீர்த்தனாவ நானே ஸ்கூல்ல விட்டுடறேன்" என்றார். ஸ்வீட் பாக்ஸை யாரும் திறக்கவில்லை. நான்காம் நாள் எறும்பு வந்தபிறகு எடுத்துக் குப்பையில் போட்டேன், அதையும் பக்கத்து வீட்டில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

வெள்ளிக்கிழமை அவர் பில் விஷயமாக அலுவலகத்துக்குப் போனார். எந்தக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் என்று எழுதவில்லை, அங்கே இருக்கிற கிளார்க் நல்ல மனிதர். போன வாரம்வரை கையெழுத்துக்குத் தயாராக இருந்த ஃபைல் மேசையில் இல்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று இவர் கேட்டிருக்கிறார். அந்த கிளார்க் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் வெளியே கூட்டிவந்து சொன்னாராம்: "யாரும் ஒண்ணும் சொல்லல முருகவேலு. யாரும் ஒண்ணும் சொல்லலங்கறதுதான் சேதி."

காலை வணக்கம்

சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஞானசேகர் சார் சொன்னார். ஆறரைக்கே போய்விட்டோம். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் இருபது பேர். முதியோர் பென்ஷன் நின்றுபோனவர், கல்லூரியில் இடம் கேட்கிறவர், ஜாமீனுக்கு வந்தவர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரோமிலும் இப்படித்தான், விடியற்காலையில் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் அண்டியிருக்கிறவர்கள் வணக்கம் சொல்லக் காத்திருப்பார்கள், கூடையில் ஏதாவது விழும். பாடமாகச் சொல்லும்போது அது சுவாரசியமான செய்தி. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது முதுகில் வேர்வை இறங்குவது மட்டும்தான் தெரிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணன் பனியனோடு ஈஸி சேரில் இருந்தார். பேனரில் இருப்பதைவிடச் சின்ன ஆள், கண்ணுக்குக் கீழே தொங்கல். "உக்காருங்க டீச்சர்" என்றார். அது பாடம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒப்பித்தேன். அவர் தலையாட்டினார். "தெரியும். கேட்டேன். அந்த ஆளு ஓடிப்போனான்னு சொன்னீங்களே, அப்பறம் இன்னா ஆனான்?" உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட குரல். வெளியூரில் வசதியாகத்தான் இருந்தான், கடைசிக் காலத்தில் அவன் வைத்திருந்த வெண்கலச் சாமான்கள்மேல் இன்னொரு பெரிய மனிதனுக்கு ஆசை வந்து அவன் பெயரைக் கொலைப் பட்டியலில் எழுதிவிட்டான் என்று சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. "சாட்சி சொன்னாங்களே ஊர்க்காரங்க, அவங்க இன்னா ஆனாங்க?" என்றார். "புத்தகத்துல அது இல்லண்ணே" என்றேன். "பாத்தீங்களா. எழுதமாட்டாங்க" என்றார்.

பிறகு கேட்டார், இதை போனில் எடுத்தது யார் என்று. எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவர் என் முகத்தையே பார்த்தார். ஞானசேகர் சார் தரையைப் பார்த்தார். எட்டு பத்து பஸ், ரோட்டைத் தாண்டி நிற்கிற பிள்ளைகள், மேசையில் இல்லாத ஃபைல், எல்லாம் நெஞ்சில் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன. என் வாய் தானாகத் திறந்தது. "கடைசி பெஞ்சுல ஒருத்தரு எப்பவும் போன தூக்கிப் பிடிச்சிட்டே இருப்பாரு" என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சுவரோரமாக நின்ற பாபுவின் கட்டைவிரல் போனில் நகர்ந்ததைப் பார்த்தேன். அண்ணன் முகம் தெளிந்து, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "டீச்சருக்கு காபி குடுத்தீங்களாடா?"

கடைசி பெஞ்ச்

கடைசி பெஞ்சில் உட்காருகிறவன் சதீஷ். இருபத்தாறு வயது. விழுப்புரம் ரோட்டில் அவன் அப்பாவுக்கு உரமும் விதையும் விற்கிற கடை. சதீஷ் வேறு அண்ணனுடைய கட்சி இளைஞர் அணியில் இருந்தான், கூட்டத்துக்கு நாற்காலி போடப் போவான். அவன்தான் எடுத்து மேலே காட்டிக்கொடுத்திருப்பான் என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அதை வைத்துத்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சொந்த ஆள்தானே, என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று.

அந்த வாரத்தில் அவர்கள் கடைக்கு முன்னால் போட்டிருந்த தகரப் பந்தலை ஆக்கிரமிப்பு என்று சொல்லிப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அந்த வரிசையில் எல்லாக் கடைக்கும் பந்தல் உண்டு. பிரித்தது அந்த ஒன்றைத்தான். மழையில் உர மூட்டைகள் நனைந்தன. ரோமில் கொல்லப்பட வேண்டியவர்களின் பெயரைச் சந்தையில் பலகையில் எழுதித் தொங்கவிடுவார்கள். தோட்டம் அழகாக இருந்ததற்காகப் பெயர் ஏறியவர்களும் உண்டு. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் பெயரை எப்படி மனசறிந்து எழுதிக்கொடுப்பான் என்று வருஷா வருஷம் வகுப்பில் கேட்பேன், யாரும் பதில் சொன்னதில்லை. இப்போது அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை.

அடுத்த ஞாயிறு சதீஷ் வந்தான். கையில் போன் இல்லை, கீழுதடு வீங்கியிருந்தது. நான் போர்டில் மொகஞ்சதாரோவின் குளத்தை வரைந்துகொண்டிருந்தேன், கோடு கோணலாகப் போயிற்று. இடைவேளையில் என் மேசைக்கு வந்தான். "போன புடுங்கி எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க மேடம். நீங்க எழுதற போர்டதான் எப்பவும் எடுப்பேன், எனக்கு வேகமா எழுத வராது" என்றான். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டான்: "என் பேர யாரு மேடம் சொல்லிருப்பாங்க?"

ஒன்பது குடும்பம்

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது இரண்டாவது தடவை. அண்ணனிடம் சொன்னபோது உண்மையாக இருந்த அதே சொல் இப்போது பொய்யாகிவிட்டது.

தேவகி இரண்டு வாரமாக வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துத் திருக்கனூர் போய், விசாரித்துக்கொண்டு அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அப்பா கரும்புக் கொல்லைக்குப் போயிருந்தார். தேவகி என்னைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் எதுவும் கேட்குமுன் அவளே சொன்னாள். பதிவு செய்தது அவள்தான். நோட்டுக்கு அடியில் போனை வைத்து எடுத்தாளாம். ரோம், சிசிலி என்று இருந்தால் தன் அப்பாவைப் போன்றவர்கள் கேட்கமாட்டார்கள் என்று அதையெல்லாம் வெட்டினாள். வேலைக்கென்று கொடுத்து ஏமாந்த ஐந்தாறு வீடுகளுக்கு மட்டும் அனுப்பினாள். அது அங்கிருந்து ஊர் ஊராகப் போய்விட்டது. கேட்டவர்கள் ஒருத்தருக்கொருத்தர் போன் செய்திருக்கிறார்கள். நீயும் குடுத்தியா, நானும் குடுத்தேன் என்று. ஒருநாள் காலை ஒன்பது குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து அண்ணன் வீட்டு முற்றத்தில் போய் நின்றிருக்கிறார்கள். சத்தம் போடவில்லை, நாற்காலியில் உட்காரவும் இல்லை. தேர்தல் நேரம். மூன்றாம் நாள் பாபு ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். மீதி வராது என்று அவளுக்குத் தெரியும். கரும்புப் பணத்தையும் சேர்த்துக் கட்டி நிலத்தை மீட்டாகிவிட்டது, அது போதும் என்றாள்.

என்ன கோபம் வந்ததென்று சொல்ல முடியாது. என் பெண் நிற்கிற ரோட்டை அவன் எனக்கு விவரித்தது தெரியுமா என்று கேட்டேன். சதீஷின் உதட்டைப் பற்றிச் சொன்னேன். யார் காட்டிக்கொடுத்தது என்பதையும் சொன்னேன், அதுவரை வாய்விட்டு யாரிடமும் சொல்லாததை. அவள் மெதுவாகச் சொன்னாள்: "ரசீது கேட்ட என் குரல வெட்டிட்டேன் மேடம். உங்க குரல மாத்தத்தான் எனக்குத் தெரியல."

உரக்கடை

திரும்பி வரும்போது மதகடிப்பட்டிலேயே இறங்கினேன். சதீஷ் கடையில் தனியாக இருந்தான். முன்னால் பந்தல் இருந்த இடத்தில் நான்கு குழி, அதில் சேற்றுத்தண்ணீர். அண்ணன் வீட்டு முற்றத்தில் பயந்ததைவிட அந்தக் குழிகளைத் தாண்டிப் படியேறும்போது அதிகம் பயந்தேன். ஒரு விவசாயி விதை நெல்லுக்கு நின்றார். அவர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு நான்தான் சொன்னேன் என்று சொன்னேன். பெண் பிள்ளை, பில், பயம் என்று காரணம் எதையும் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேவகி பெயரை மட்டும் சொல்லவில்லை.

சதீஷ் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டான். கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த அண்ணன் படத்துக் காலண்டர் இன்னும் அங்கேயேதான் இருந்தது. எடுத்தால் அது ஒரு செய்தியாகிவிடும். "பாபு அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டாரு மேடம்" என்றான். "நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

அதற்குப் பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. நான் எழுதின நோட்ஸை வாராவாரம் ஜெராக்ஸ் எடுத்துக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறேன், வாங்கிக்கொள்கிறான், பேசுவதில்லை. முருகவேலின் ஃபைல் எங்கிருந்தோ மேசைக்குத் திரும்பி வந்து கையெழுத்தாகிவிட்டது. அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீர்த்தனாவை இன்னும் அவர்தான் பள்ளியில் விடுகிறார். தேர்தல் முடிந்து அண்ணன் மறுபடி வந்துவிட்டார். ரோமைப் பாடத்தில் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஞானசேகர் சாரே கேட்டார், கேள்வித்தாளில் இப்போது அதிலிருந்து மூன்று வருகிறதாம்.

ஊழலை ஒழிக்க ரோமானியர் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார்கள் என்று வந்தால் தயங்காமல் 'சரி' என்று குறியுங்கள், ஒழிந்ததா என்று வந்தால் மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள், நெகட்டிவ் மார்க் உண்டு.